பாலு, உன் பெட்டி கிளம்ப மாட்டேங்கறது

அன்பு பாலு,

கட்டேல போறவனேன்னு உன்னைத் தினம் திட்டினேன். நான் சொன்னதை நீ கேட்டது அந்த ஒரு தடவைதான். நன்னா இருக்கியா அங்க?

இங்க கோட்டைத் தெருவுல உன் பழைய கம்ப்யூட்டர் படுத்துடுத்து. ஆன் பண்ணினா, பச்சை எழுத்துல 'டிஸ்க் கண்ட்ரோலர் ஃபெயிலியர்'னு ஒரே வரி. உன் அப்பா, அதான் என் அத்தை ஆத்துக்காரர், அத்திம்பேர், கட் அண்ட் ரைட்டா சொல்லிட்டார்: "ஞாயித்துக்கிழமை ஆக்ரிக்காரன் வரான். அதுக்குள்ள ஓடலேன்னா எடைக்குப் போட்டுடுவேன், கேட்டியோ."

அது கெட்டதுலேர்ந்துதான் நான் தினம் சாயங்காலம் உங்காத்துக்குப் போறேன். நான் ஸ்க்ரூ திருப்ப, அவர் பக்கத்துல உக்காந்து என்னைத் திட்டுவார். பெட்டி போயிட்டா, 'சௌக்யமா'க்கு அப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் பேச என்னடா இருக்கு?

டிஸ்க்குல காதை வெச்சுக் கேட்டேன், சுத்தறது. கேபிளை மாத்தினேன், அதே வரி. டிஸ்க்குக்கும் மெஷினுக்கும் நடுவுல தரகு பாக்கற அந்த கண்ட்ரோலர் கார்டைக் கழட்டி வேற ஸ்லாட்ல சொருகினேன். அதே வரி!

"பாலுவா இருந்தா இத்தனை நேரம் ஆகுமோ?"ன்னார். நீ இருந்தப்போ உன்னை ஒரு வார்த்தை மெச்சியிருப்பாரா மனுஷர்?

கடைசில டார்ச் அடிச்சுப் பாத்தா, கார்டுல கேபிள் சொருகற பின்னுக்கெல்லாம் நடுவுல மஞ்சளா என்னமோ காஞ்சு ஒட்டிண்டிருக்கு. மோந்து பாத்தேன். சந்தனம்! மேல குங்குமம் வேற!

"ஸரஸ்வதி பூஜைக்கு நான்தான் வெச்சேன்"னார் அத்திம்பேர். "அவன் இருந்தவரைக்கும் தொட விட்டானா? அவன் போய் வருஷாப்திகமும் ஆச்சு, கேக்க ஆளில்லை, வெச்சேன்."

"அதுக்குன்னு உள்ளயா வெப்பா?"

"வேலை செய்யறது உள்ளதானேடா!"

சாமியே இல்லைன்னு தெருவையே சண்டைக்கு இழுத்தியே, உன் கண்ட்ரோலருக்கு நடந்த அபிஷேகத்தைப் பாத்தியா? எனக்குச் சிரிச்சு வயிறு புண்ணாயிடுத்து. அவர் சிரிக்கலை. "அவன் தொட்ட சாமான்"னார். அப்புறம் நானும் சிரிக்கலை.

ஸ்பிரிட்டும் பழைய டூத் பிரஷ்ஷும் போட்டுத் தேச்சேன். கிளம்பிடுத்து பாலு! உன் ஃபைலெல்லாம் வரிசையா வந்தது. நான் குதிச்ச குதியில நாற்காலி சாஞ்சுடுத்து.

"ரிப்பேர் ஆயாச்சா?"

"ஆச்சு அத்திம்பேர்!"

"செரி. அப்போ நாளைக்கு வரமாட்டே."

என்னைவிட மடையன் உண்டா?

"ஃப்ளாப்பி படிக்க மாட்டேங்கறதே. அதுக்கு நாள் பிடிக்கும்"னேன்.

"எத்தனை நாள்?"

"சொல்ல முடியாது."

"ஆக்ரிக்காரனை வரவேண்டாம்னுடறேன். நாளைக்காவது நேரத்தோட வா."

ஃப்ளாப்பிக்கு ஒரு கேடும் இல்லைடா. நீ கவலைப்படாதே. அத்திம்பேர் இருக்கறவரைக்கும் உன் பெட்டி முழுசா ரிப்பேர் ஆகாம நான் பாத்துக்கறேன்.

உன் அம்மாஞ்சி,
மணி