தண்டட்டிக்குக் கீழே

5 மார்ச் 1934, கூலாய், மலாயா

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கருப்பாயியைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. புருஷன் தங்கராஜு, “முனி அறைஞ்சிடுச்சுங்க” என்றான். நன்றாகத் திட்டினேன். இது முகவாதம். டாக்டர் இல்லாத தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் வேலையில் எத்தனை பார்த்தவன் நான்! தைலமும் டானிக்கும் கொடுத்தேன். மூன்று வாரத்தில் சரியாகிவிடும்.

9 ஏப்ரல்

சரியாகவில்லை. தங்கராஜு அவளை என் வார்டில் விட்டுவிட்டுப் போய்விட்டான். “மருந்துக்குக் கேக்கல. அப்ப முனிதானே ஐயா?” முனி அவளையும் பிடித்துவிடும் என்று, ஆறு வயது மகள் ராசம்மாவைக் கண்ணில் காட்டவே மாட்டேன் என்கிறான்.

23 ஏப்ரல்

இருமலில் ரத்தம். எனக்குப் பயமாக இருக்கிறது.

2 மே

ஜொகூர் பாருவுக்கு அழைத்துப் போனேன். வெள்ளைக்கார துரை டாக்டர் முதல் காரியமாக அவள் காதில் தொங்கிய கனத்த தண்டட்டியைக் கழற்றச் சொன்னார். காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில், கொட்டைப்பாக்கு அளவில் கட்டி. கல் மாதிரி. இரண்டு வருஷமாக இருக்கிறதாம்! எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் வட்ட வட்டமாக நிழல். ஈரலும் வீங்கியிருக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்று; வாய் கோணியதும் அதனால்தான், அங்கிருந்து பரவிவிட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார்.

“முதலில் தொட்டுப் பார்த்தீரா?” என்று கேட்டார். தொட்டேன், கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்றேன். பொய். நான் தொடவே இல்லை.

3 மே

வார்டுக்குத் திரும்பியதும் எல்லாம் சொன்னேன், என் தப்பைத் தவிர. கருப்பாயி அழவில்லை. “அப்ப பேய் இல்லதானே ஐயா? அத அவருகிட்ட சொல்லுங்க. புள்ளய ஒரு தடவ பாக்கணும்.”

6 மே

தங்கராஜுவிடம் சொன்னேன். “சீக்குன்னா உங்க மருந்து ஏன் கேக்கல?”

நான் நோயைத் தவறாகச் சொன்னேன் என்றால் நம்புவான். ஆட்கள் சுற்றி நின்றார்கள். சில சீக்கு அப்படித்தான் என்றேன். போய்விட்டான்.

9 மே

இன்றும் சொல்லவில்லை. கதவுச் சத்தம் கேட்டால், “ராசம்மாவா?” என்கிறாள்.

11 மே

கண்ணை மூடினால் அந்தக் கட்டி விரலில் தட்டுப்படுகிறது. தொடாத கட்டி — எப்படி?

14 மே

காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில், எல்லோர் முன்னாலும் சொன்னேன். “முனி இல்லை. புற்று. முதல் நாளே காதடியைத் தொட்டுப் பார்க்காமல் விட்டது என் தப்பு.” தங்கராஜு வாளியைப் போட்டுவிட்டு, மகளைக் கூட்டிவர லயத்து வீட்டுக்கு ஓடினான்.

ராசம்மா பயப்படவே இல்லை. கட்டிலில் ஏறி, கோணிய வாயைத் தடவி, “அம்மா, நான் வந்துட்டேன்” என்றாள். நேற்று ராத்திரி வரை மகளைக் கேட்டுக்கொண்டிருந்த கருப்பாயிக்கு இப்போது மூச்சு மட்டும் இருந்தது. கண் திறக்கவில்லை.

“நேத்து வந்திருந்தா பேசியிருப்பாளா ஐயா?” என்று தங்கராஜு கேட்டான்.

பேசியிருப்பாள் என்றேன்.