சுவரில் மாட்டிய அப்பா

என் பிரியமுள்ள ஆரோக்கியம் அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடி எட்டு வருடமாகிறது. நீ என்னிடம் சொல்லாமலே போன ஒன்றைப் போன வாரம்தான் கேட்டேன். அதிலிருந்து தூக்கமில்லை.

ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்துகொண்டே தபாலில் எம்.ஏ. வரலாறு படித்தாயே, ஞாபகமிருக்கிறதா? பட்டாபிராம் வீட்டில் நான் அரிசியில் கல் பொறுக்குவேன், நீ ரோமாபுரிக் கதை சொல்வாய்.

"செவெரஸ்னு ஒருத்தன்மா. லிபியா கடலோரம் லெப்டிஸ்னு ஒரு ஊரு. அவங்க ஊட்ல பேசற பாஷையே வேற. சண்டை போட்டு ரோமாபுரிக்கே ராஜாவாயிட்டான். ஆனா இன்னா வம்சம்னு ஜனம் கேக்குமில்ல? செத்துப்போன பழைய ராஜா மார்க்கஸ்தான் எங்கப்பான்னு சொல்லிட்டான்! பெரிய புள்ளைக்கும் அவரு பேரையே வெச்சான்."

"செத்தவர் சம்மதிச்சாரா?" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

பொய் அவனோடு முடியவில்லை. அந்தப் பெரிய பிள்ளை தம்பியைத் தாயின் மடியிலேயே கொல்லவைத்து, கல்வெட்டுகளில் அவன் பெயரைக்கூடச் செதுக்கி எடுத்தான். பிற்பாடு அந்தத் தாயின் சகோதரி வழிப் பேரன்கள் இரண்டு பேர், ஒருவன் பின் ஒருவனாக, அந்தக் கொலைகாரனையே தங்கள் அப்பா என்று சொல்லி அரியணை ஏறினார்கள். இதெல்லாம் நீ சொன்னதுதான்.

எனக்குக் கொரட்டூரில் வரன் வந்தது. ஓடிப்போன அப்பாவைப் பற்றியும், குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்த்து நம்மை வளர்த்துவிட்டுக் கண்ணை மூடிய அம்மாவைப் பற்றியும் அவர்களுக்குத் தெரியக்கூடாது என்று அழுதேன். என் அழுகைக்காகத்தான் கல்யாணப் பத்திரிகையில் 'காலஞ்சென்ற சுபேதார் தேவசகாயம் மகள்' என்று அச்சடித்தாய். ஸ்டூடியோவில் யாரும் வாங்க வராமல் கிடந்த ஒரு பட்டாளத்துக்காரர் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, அப்பா படமென்று கொடுத்தாய்.

அந்தப் படம் என் புகுந்த வீட்டுச் சுவரில் ஏறியது. கல்லறைத் திருநாள் தோறும் மாமியார் அதற்கு மாலை போட்டார். ஜெனி பிறந்ததும், "அப்படியே தாத்தா கண்ணு" என்றார். யாருடைய கண், அண்ணா? அந்த மனிதர் எங்கேயாவது உயிரோடு இருந்தால்? வீடு கூட்டும்போதெல்லாம் அவர் என்னையே பார்ப்பார்.

ஜெனியின் ஞானஸ்நானத்துக்கு வந்தாய். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற, என் கணவரின் சித்தப்பா, "உங்கப்பா எந்த ரெஜிமென்ட்?" என்று கேட்டார்.

"அது... நான் சின்னப் புள்ளயா இருந்தேன் சார். நெனப்பு இல்ல."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். உன்னைச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போனேன்.

"கிளம்புண்ணா. ரயிலுக்கு நேரமாச்சு."

"சோறு துன்னுட்டுப் போறேம்மா."

"வேணாம். இனிமே நீ இங்க வராத. நானே வந்து பாக்கறேன்."

செவெரஸைப் பார்க்க ஊரிலிருந்து தங்கை வந்தாளாம். அவளுக்கு லத்தீன் சரியாக வரவில்லை. ராஜா கூசிப்போய், பரிசுகள் கொடுத்து ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டானாம். நான் உனக்கு ஒரு வாய் சோறுகூடப் போடவில்லை.

மூன்றாம் வாரம் ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். நானே வந்து பார்க்கிறேன் என்ற வாக்கைச் சவப்பெட்டி அருகில்தான் காப்பாற்றினேன். இன்றைக்கும் கொரட்டூர் ஸ்டேஷனில் "இன்னாம்மா" என்று எந்தக் குரல் கேட்டாலும் திரும்பிப் பார்க்கிறேன்.

போன வாரம் ஜெனி பள்ளிக்கூடத்துக்காகக் குடும்ப மரம் வரைந்தாள். "அம்மா, சுபேதார் தாத்தாவுக்கு அப்பா யாரு?" பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தாள். இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்த கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"தெரியும் ஸ்டெல்லா," என்றார். "பொண்ணு பாத்த மறுநாளே உங்கண்ணன் ஆபீசுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு. 'உங்ககிட்ட மறைச்சு என் தங்கச்சிய குடுக்க மாட்டேன் சார். ஆனா உங்களுக்குத் தெரியும்னு அதுகிட்ட சொல்லிடாதீங்க, தலை குனிஞ்சிடும்'னாரு."

அப்படியானால் அன்றைக்கு யாருக்குப் பயந்து உன்னை விரட்டினேன்? படியிறங்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் உன் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பேனே. நிறுத்தியிருப்பேனா?

ஞாயிறு பூசை முடிந்ததும் மாமியாரிடம் நானே சொல்லிவிடுவேன். அவர் என்ன சொல்வாரோ, தெரியாது. அன்றே ஜெனியைக் கூட்டிக்கொண்டு உன் கல்லறைக்கு வருவேன். நீ யார், நான் உனக்கு என்ன செய்தேன் என்பதை அங்கே வைத்து அவளிடம் சொல்வேன். இது சத்தியம்.

பாத்திரம் தேய்த்த லூர்தம்மாளின் மகள்,
உன் கூடப்பிறந்த தங்கை,
ஸ்டெல்லா