உன் வயல் தாள்

தம்பிக்கு,

எங்கள் காகித ஆலைக்கு வந்த லாரியில் ஒரு நெல்தாள் கட்டின் கயிற்றைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். சின்ன வயதில் உன் ஷூவுக்குப் போடக் கற்றுத்தந்தேனே, அதே அவலட்சணமான இரட்டை முடிச்சு. அப்படியானால், அறுத்த வயலில் நிற்கும் தாளை இந்த முறை நீ கொளுத்தவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் புகையில் பாப்பாவுக்கு மூச்சுத் திணறியபோது, உன் வாசலில் நின்று நான் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். அவள் இப்போது மாடிப்படியில் ஓடி ஏறுகிறாள். மாமா ஏன் வருவதில்லை என்று கேட்கிறாள்.

இங்கே எனக்கு நொதி கலக்கும் வேலை. தாளின் நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் பசையை அது மெல்ல இளக்கிவிடும். அப்புறம் வேகவைக்கும்போது ஊற்றுகிற சோடாக் காரத்தில் பாதி போதும், நாரும் அறுபடாது. முதல் நாளே கொதிக்கிற தண்ணீரை ஊற்றி நொதியின் உயிரை எடுத்துவிட்டேன். "ஏம்மா இவ்வளவு அவசரம்? கை பொறுக்கிற சூடு போதும், மீதிய அதுவே பாத்துக்கும்" என்றார் மேஸ்திரி. என் சூடு உனக்குத் தெரியாததா?

வயலில் நின்றாலும் தாள், வெளுத்துக் காய்ந்தாலும் தாள்தான். நீ கையில் வைத்திருப்பது உன் கட்டிலிருந்து நானே ஊறவைத்து எடுத்தது. ஓரத்தில் மஞ்சளாக ஒரு துணுக்கு இருக்கும், வேண்டுமென்றே விட்டேன்.

பின்பக்கம் காலி. உன் தாள், நீ திட்டி எழுதினாலும் சரி.

இப்போது பாதிக் காரத்தோடு,
அக்கா