படைக்க முதல், படைத்த பின்

அன்புள்ள அக்கா,

உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு உங்கள் இளையவன் தினேஷ் வருகிறான். நேற்றுப் பின்னேரம் றிச்மண்ட் ஹில்லில் இருந்து தொலைபேசியில் அவனே சொன்னது. அவனுடைய சபை விலக்கியிருப்பதால், படைத்த சோற்றைத் தொடமாட்டான் என்பதும் அவனே சொன்னதுதான்.

சமையல் வோபர்னில், உங்கள் மூத்தவன் சிவகரன் வீட்டில். அவன் மனைவி சுபா ஒரு வழி சொன்னாள்.

"படைக்க முதல் தினேஷுக்குக் கொஞ்சம் எடுத்து வைப்பம்."

"அம்மாவுக்கு முதல் அவருக்கோ? அவர் ஆர், பெரிய துரையோ?" என்றான் சிவகரன்.

"அப்ப வேற சட்டியில சமைப்பம்."

"ஓம், பிறகு வேற அடுப்பு, வேற வீடு."

சுபா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தினேஷ் ஞானஸ்நானம் எடுத்தபோது நீங்கள் சண்டை பிடிக்கவில்லை. யூதரும் கிறிஸ்தவரும் எப்படி இரண்டானார்கள் என்று அறிய, நூலகத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தீர்கள். நீங்கள் குறிப்பெழுதிய கொப்பி இப்போது என்னிடம். இயேசுவை முதலில் நம்பியவர்கள் யூதர்களே. எருசலேம் ஆலயத்திலேயே தொழுதார்கள். பிறகு, யூதரல்லாதவர்களோடு ஒரே பந்தியில் இருக்கலாமா என்று தகராறு. பிறகு ஆலயம் எரிந்தது. ஆனால் பிரிந்த நாள் எது? எவராலும் ஒரு தேதி சொல்ல முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

என்னைப் பயமுறுத்துவது அதுதான். பிரிகிறவர்களுக்கே தெரியாமல் அது நடக்கும் என்றால், நான் எங்கே நின்று தடுப்பது?

இன்னொரு பக்கத்தில், சில நூறு ஆண்டுகள் கழித்தும் கிறிஸ்தவர்கள் யூதரின் பண்டிகைகளுக்குப் போனதற்காகக் குருமார் திட்டினார்கள் என்று இருக்கிறது. நாற்பது வருடம் பத்திரிகையில் செய்தி எழுதிய எனக்கு அந்த வரி வேறு விதமாகத் தெரிந்தது. திட்ட வேண்டியிருந்தது என்றால், சனங்கள் போய்க்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்தத் துணிவில் தினேஷை மறுபடி அழைத்தேன்.

"சாப்பிடாட்டிலும் பரவாயில்லை, அண்ணனோட பந்தியில இரடா."

"பாஸ்டரிட்டக் கேட்டுச் சொல்லுறன் மாமா."

உங்கள் கொப்பியை மறுபடி திறந்து தேடினேன், அக்கா. பண்டிகைகளுக்குப் போனவர்களில் எத்தனை பேர் அந்தத் திட்டுக்குப் பிறகு போகாமல் விட்டார்கள்? அதை நீங்கள் எழுதவில்லை.

பதில் சனிக்கிழமை மாலை, அவர்களுடைய ஜெபக்கூட்டம் முடிந்ததும் வரும். திவசம் ஞாயிறு மதியம். அவன் பந்தியில் இருந்தால், பக்கத்தில் நானும் வெறும் இலையோடு இருப்பேன். உங்களுக்குப் படைத்ததை நான் தொடவில்லை என்று கோபிக்காதீர்கள். அவன் வரவே மாட்டேன் என்றால் என்ன செய்வேன் என்று எனக்கு இன்னும் தெரியாது.

உங்கள் பிள்ளைகளின் ஒரே மாமன்,
உங்கள் தம்பி