எட்டுப் பேரில் ஒருத்தி

9-8-2004, திங்கள்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். கடலூர் போய் வந்தேன். முதலாளி அனுப்பிய ஒரு நாள் வகுப்பு. நல்ல தலைவராவது எப்படி என்று. டை கட்டின ஆள் ஒருவர், கையில் மைக் இருந்தும் தொண்டை கிழியக் கத்தினார். எழுதிக்கொண்டது:

முடிவெடுக்கத் தயங்கக் கூடாது.
ஆட்களை நம்ப வேண்டும்.
காது கொடுத்துக் கேட்க வேண்டும்.
பழி தனக்கு, பாராட்டு அவர்களுக்கு.

ஐந்தாவது சொல்லும்போது சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பக்கத்தில் இருந்த பெண்ணாடத்துக்காரரிடம் கேட்டேன், அவரும் எழுதவில்லை. சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். வறுவல் அருமை.

திரும்பும்போது விருத்தாசலம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே. வீட்டுக்காரி ஜெயராணி கேட்டாள், "இன்னா, தலைவராயிட்டீங்களா?" என்று. கால் வலிக்கிறது, வெந்நீர் வை என்றேன்.

10-8, செவ்வாய்

மேகம் மட்டும். மழை இல்லை. முதலாளி (இனி மு.) அறைக்குக் கூப்பிட்டார். நாங்கள் செய்யும் பீங்கான் ஃபியூஸ் கட்டைக்கு ஆர்டர் குறைந்துவிட்டதாம். லோடிங்கில் எட்டுப் பொம்பளைகள் எதற்கு, செலவு குறையணும், ஒருத்தியை நிறுத்து, சனிக்கிழமைக்குள் பேரைச் சொல்லு என்றார். நீங்களே சொல்லிவிடலாமே என்று இழுத்தேன்.

"நான் சொன்னா மொதலாளி வயித்துல அடிச்சான்னு ஆவும், அந்தோணி. நீ அவங்களுக்கு லீடரு. அதுக்குத்தான கிளாஸுக்கு அனுப்புனேன்?"

ஆக, வறுவல் அதற்குத்தான்.

லோடிங் வேலை ஜோடி வேலை. ஒருத்தி பலகையிலிருந்து எடுத்துக் கொடுக்க, இன்னொருத்தி சூளை வண்டியில் அடுக்க வேண்டும். சுடாத கட்டை, கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் மூலை உதிரும். கைக்குக் கை பழகியிருக்கணும். ஜோடி வராத நாளில் மற்றவள் வேறு யாரோடும் சேர மாட்டாள், தரை கூட்டிக்கொண்டு கிடப்பாள். ஆறு மாதமாக, சூப்பர்வைசர் ஆன நாளிலிருந்து கத்திப் பார்க்கிறேன், நடக்கவில்லை. ஒருத்தியை எடுத்தால் இன்னொருத்தி மொண்டிக்கை மாதிரி ஆகிவிடுவாள் என்று மு.விடம் சொன்னேன். அதெல்லாம் நீ பாத்துக்க என்றார்.

சரிங்க என்றேன். ஏன் சொன்னேன்? இந்த வாய்க்கு வேறு வார்த்தையே தெரியாது.

11-8, புதன்

யார்? இதே நினைப்பு. உடைசல் கணக்கு இரண்டு தடவை தப்பு.

அமுதா. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வருகிறாள், வாரத்தில் பாதி நாள் லேட். சுலபமாக அவள் பேரைச் சொல்லலாம். ஆனால் புருஷன் மரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கை. அவள் அடுக்கிய வண்டி ஒரு நாளும் சரிந்ததில்லை.

மல்லிகாக்கா. முட்டி போச்சு, குனிய முடியவில்லை. ஆனால் அந்தக்கா லீவு போட்டால் மற்ற ஏழு பேரும் என்னை ஒரு ஆளாகவே மதிக்க மாட்டார்கள். அவள் இருந்தால் அவள் சொல்வதைக் கேட்பார்கள், நான் சொன்ன மாதிரி இருக்கும்.

பரிதா. மங்கலம்பேட்டை. புருஷன் துபாய், அவளுக்கு என்ன குறை என்று எல்லாரும் சொல்வது. அவளைத்தான் மனசில் வைத்திருந்தேன். இன்று டீ நேரத்தில் மல்லிகாக்காவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அவரு போன் பண்ணியே எவ்ளோ மாசம் ஆவுதுக்கா. ஊருல கேட்டா வாராவாரம் பேசுறாருன்னு சொல்லிக்கிறேன்."

நான் ஏன் அந்த நேரத்தில் அங்கே போய் நின்றேன்.

ராத்திரி ஜெ.யிடம் சொன்னேன். "நீங்க ஆளப் பொறுக்கப் போறீங்களா? கத்திரிக்கா பொறுக்கச் சொன்னாலே சொத்தையா வாங்கினு வருவீங்க" என்றாள். சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

13-8, வெள்ளி

புழுக்கம். சைக்கிள் பஞ்சர்.

என்னால் முடியாதுங்க என்று சொல்லத்தான் மு. அறைக்குப் போனேன். செல்லில் பேசிக்கொண்டே நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். பேசி முடித்து, என்னப்பா, பேரு ரெடியா என்றார். பார்த்துக்கிறேங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். த்தூ.

அந்த எரிச்சலை அமுதா மேல் காட்டினேன். கால் மணி நேரம் லேட்டுக்கு எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, நாளையிலிருந்து முந்தின பஸ்ஸைப் பிடிக்கிறேண்ணா என்றாள். முந்தின பஸ் இருட்டோடு வருவது. படுத்தவனுக்கு யார் கஞ்சி வைப்பது? எனக்கே தெரிகிறது, அவளுக்குத் தெரியாதா.

நான் எல்லாம் ஒரு லீடர்.

14-8, சனி

எட்டுப் பேரையும் காலி வண்டிப் பக்கம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். செலவு குறைக்க ஒரு ஆளை நிறுத்தச் சொல்கிறார். தேர்ந்தெடுக்க எனக்குத் தெம்பு இல்லை. நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள். நான் எடுத்த முடிவு என்றே மு.விடம் சொல்கிறேன், பழி என்னோடு போகட்டும். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. டைக்காரர் கேட்டிருந்தால் கை தட்டியிருப்பார்.

  மல்லிகாக்கா, நாங்க யாரச் சொன்னாலும் ஒத்துப்பீங்களா என்று கேட்டது. மாதா மேல் சத்தியம் என்றேன்.

மு.விடம் ஒரு நாள் தவணை கேட்டேன். முணுமுணுத்துவிட்டு, சரி என்றார்.

15-8, ஞாயிறு

தூறல். மாதா திருநாள் பூசை. யார் பேர் வந்தாலும் அவள் குடும்பத்தை நீ பார்த்துக்கொள் தாயே என்று மன்றாடினேன். வேறென்ன செய்ய முடியும். அங்கிருந்து நேரே கம்பெனி, கொடியேற்றம். கயிறு சிக்கிக்கொண்டது. மு. இழுக்க, நான் இழுக்க, ஒருவழியாகப் பூ விழுந்தது. எல்லாருக்கும் லட்டு.

எட்டுப் பேரும் நல்ல புடவையில் வந்திருந்தார்கள். சூளைப் பக்கம் கூப்பிட்டார்கள், போனேன். மல்லிகாக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. எங்கள்ல யார எடுத்தாலும் ரெண்டு பேரு வேல போவுது. ஜோடி இல்லாம இங்க வேல பாக்குறது நீங்க ஒருத்தருதான்."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அமுதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பரிதாதான் விவரமாகச் சொன்னாள். உடைசல் கணக்கு அவள் எழுதுவாளாம். வண்டி எப்போது சூளைக்குள் போகணும் என்பதை மல்லிகாக்கா பார்த்துக்கொள்ளுமாம். இனி ஜோடி வராவிட்டால் யார் யாரோடு சேர்வது என்பதுகூடப் பேசியாகிவிட்டது. நான் ஆறு மாதம் கத்தி நடக்காதது, ஒரே சாயங்காலத்தில். ஒரு ஓட்டை கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன். இல்லை.

"நீங்கதாண்ணா மொதலாளிகிட்ட சொல்லணும். நாங்க சொன்னா நல்லாருக்காது" என்றது மல்லிகாக்கா.

போனேன். யாருப்பா என்றார் மு. நாந்தாங்க என்றேன். அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று விவரமும் சொன்னேன். வாயில் இருந்த லட்டை மென்று முடித்தார். சே சே, நீ எதுக்குப்பா என்று சொல்வார் என்று நின்றேன். கொஞ்ச நேரம் நின்றேன்.

"நல்லா யோசிச்சிருக்க" என்றார்.

வீடு. ஜெ. தேர் பார்க்கத் தலை சீவிக்கொண்டிருக்கிறாள். பூ வாங்கி வரவில்லையா என்கிறாள். சரிங்க என்று அவளிடமும் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, இன்னா, எங்கிட்டயே 'ங்க' போடுறீங்க என்று சிரிக்கிறாள்.