நார்வேக்காரியின் இடது முழங்கால்

உன் புத்தகத்தின் அச்சுப்படி இன்று காலை கூரியரில் வந்தது. உறையைப் பிரித்ததும் மை வாசனை. நீ முகர்ந்திருக்க வேண்டியதை நான் முகர்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வயிறு எரிந்தது. நீ போய் நாலு மாதம்தான் ஆகிறது. செத்துப்போன சிநேகிதிமேல் பொறாமைப்படுகிறவள் இந்த வலியசாலைத் தெருக்களில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பதிப்பகத்துப் பெண் நேற்றே போனில் பிடித்துக்கொண்டாள். "உச்சி ஏறுற அத்தியாயத்தப் படிச்சு எனக்கே மூச்சு வாங்கிருச்சு மேடம். அவங்க நிறைய மலை ஏறியிருப்பாங்க, இல்லையா? நீங்கதான் முன்னுரை எழுதணும்." மலையா? நீயா? நம் ஆபீஸ் மாடிப்படியிலேயே இரண்டு தடவை நின்று நின்று ஏறினவள்!

உன் கதையின் நாயகி, அந்த நார்வேக்காரியை, நூலகத்துப் பழைய புத்தகத்தில் முதலில் கண்டெடுத்தவளும் நான்தானே. நூறு வருஷத்துக்கு முன்னால், ஊரே சிரிக்க, பாவாடையைக் கழற்றிப் பாறைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, கால்சட்டையோடு கயிறு பிடித்து ஏறியவள். இறங்கி வந்து, ஏறியதைத் தானே உட்கார்ந்து எழுதியவள். அவள் வாழ்க்கையைக் கதையாக எழுதப்போவதாக நீ சொன்னபோது, அவளை நாம் பங்கு போட்டுக்கொண்டோம். ஏறுகிற கால் எனக்கு, எழுதுகிற கை உனக்கு.

அதற்காகவே பொன்முடி மலைக்குப் போன அன்று, அடிவாரத்துக் கல்லாற்றில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாய். "இந்த இழுப்போட எனக்கு முடியாதுடீ. நீ ஏறிட்டு வா. மேல என்னெல்லாம் கண்டேன்னு ஒண்ணு விடாம சொல்லணும், கேட்டியா?" வழிகாட்டியோடு பொன்முடி உச்சிவரை ஏறினேன். அட்டை கடித்தது என்னை. சாயங்காலம் இறங்கி வந்தால், குடிக்கத் தண்ணீர்கூடத் தராமல் நோட்டை விரித்தாய். "எந்தக் கால் முதல்ல வலிச்சுது?"

இடது முழங்கால் என்றேன். இதோ, தொண்ணூறாம் பக்கத்தில், பனியில் நிற்கிற நார்வேக்காரிக்கு இடது முழங்கால் வலிக்கிறது. வலி என்னுடையது, மூச்சு என்னுடையது, பேர் மட்டும் உனக்கு! முன்னுரையில் இதைப் போட்டு உடைத்துவிடுவது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கக் கூடாது. உச்சிக்கு வந்தவள் பனிமலைகளைப் பார்க்கவில்லை. முதலில் கீழே பார்க்கிறாள். மூச்சுக்கோளாறால் அடிவாரத்திலேயே தங்கிவிட்ட தோழி எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று தேடுகிறாள்.

இதை நான் உனக்குச் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை, நான் தேடவே இல்லையடி. உன்னைக் கீழே விட்டுவிட்டு வந்த பெருமையில் கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். அத்தனை கேள்வி கேட்டவள், என்னைத் தேடினாயா என்று மட்டும் கேட்கவில்லை. தேடினேன் என்று நீயே எழுதிக்கொண்டாய்.

முன்னுரையில் முழங்காலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பதிப்பகத்துப் பெண் மறுபடி கேட்டாள், நீ மலை ஏறியவளா என்று. "கல்லாறு வரைக்கும் கூட வந்தா" என்றேன்.

பொறாமை போகவில்லை, போகவும் போகாது. அடுத்த மாதம் மறுபடி பொன்முடி ஏறப்போகிறேன். உச்சியில் நின்று முதலில் கீழேதான் பார்ப்பேன். அந்தப் பாறையில் யாரும் இல்லை என்று தெரிந்தும் பார்ப்பேன்.