கொய்யா மரத்து டிஸ்க்

ஏங்க,

இன்று காலை கொய்யா மரத்திலிருந்து ஒரு வெளிச்சம் வந்து அடுப்படிச் சுவரில் வட்டமாக ஆடியது. கிளி கொத்தாமல் இருக்கட்டும் என்று நீங்கள் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்ட பழைய டிஸ்க்குகள்தான். சோறு வடித்துக்கொண்டிருந்தவள், கஞ்சி கீழே போவது தெரியாமல் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் குரல் எனக்கு மறந்துகொண்டே வருகிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முகம் இருக்கிறது. மைன்ஸ் கேட் பாஸுக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறோம். குரலை எந்த ஆணியில் மாட்டுவது? ஷிப்டு முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னைக் கூப்பிடுவீர்களே, அதை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். என் குரல்தான் வருகிறது.

அந்தச் சின்ன டிவிடி பிளேயர் இன்னும் இருக்கிறது. நம் வடக்குத்து ஊரில் கரண்ட் போய்விடும். எதிரே மைன்ஸ் டவுன்ஷிப் விளக்கெல்லாம் எரியும். நாம் இருட்டில் உட்கார்ந்திருப்போம். பேட்டரியில் ஓடும் என்றுதான் அதை வாங்கி வந்தீர்கள். திரையோடு புத்தகம் மாதிரி மடங்கும். பாப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்ப்போம்.

பாப்பா காதுகுத்தை நீங்கள் செல்போனில் எடுத்தீர்கள். அதை அப்படியே டிஸ்க்கில் ஏற்றிப் போட்டால் பிளேயர் படிக்கவில்லை. நான் சிரித்தேன். "கேவுர அப்படியே திம்பியா? அரைச்சி காச்சுனாதான கூழு. இதையும் அப்படித்தான் மாத்தணும்" என்றீர்கள். மாற்றுவதற்கென்றே ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது. அதில் ஒரு பச்சைக் கோடு எறும்பு மாதிரி நகரும். அது போய் முடிகிற வரைக்கும், கரண்ட் போய்விடும் என்று என்னை மிக்ஸி போட விடமாட்டீர்கள்.

மாற்றின டிஸ்க் ஒருவழியாக ஓடியது. காடாம்புலியூரிலிருந்து வந்த உங்கள் அக்காவுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டினீர்கள். அவர் பாதியிலேயே, "இன்னாடா இது, பஞ்சாயத்து மாரி ஒரே பேச்சு சத்தம்? பாட்டு போட்டாதான விசேஷம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நீங்களும்தான். அடுத்த நாளே பாட்டு வைத்து வேறு டிஸ்க் போட்டீர்கள். பிறகு தெருவில் எந்த மஞ்சள் நீராட்டு, எந்த வளைகாப்பு என்றாலும் நீங்கள்தான் செல்போனும் கையுமாக நிற்பீர்கள். எல்லாவற்றுக்கும் பாட்டு. படம் எடுத்தவர் நீங்கள், அதனால் எதிலும் உங்கள் முகம் இல்லை. பாட்டு வைத்ததால் குரலும் இல்லை.

நெஞ்சு வலிக்கிறது என்று வாசலில் உட்கார்ந்த ஆள், எழுந்திருக்கவே இல்லை.

கருமாதி முடிந்த பிறகு, டிஸ்க்குகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு டவுன்ஷிப் வீடியோ கடைக்குப் போனேன். பாட்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். மேல்மண்ணைத் தள்ளினால் கீழே கரி கிடக்கும் என்று சொல்வீர்களே, அந்த மாதிரி பாட்டுக்குக் கீழே நீங்கள் இருப்பீர்கள் என்று நினைத்துவிட்டேன். கடைக்காரர் போட்டுப் பார்த்தார்.

"பாட்ட மேல போடல அக்கா. பேச்ச எடுத்துட்டு அந்த எடத்துல பாட்ட வச்சிருக்காரு. கீழ ஒண்ணும் இல்ல."

மெமரி கார்டில் இருக்குமா என்றார். ஒரு விசேஷம் முடிந்தால் அதை அழித்துத்தானே அடுத்ததற்கு இடம் பண்ணுவீர்கள். கடைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார்.

இன்று அந்த வெளிச்சம் ஆடியபோதுதான் புத்தியில் பட்டது. உங்கள் அக்கா வேண்டாம் என்ற, பாட்டு வைக்காத அந்த முதல் டிஸ்க்கைத் தூக்கிப் போடவில்லையே, மரத்தில்தானே கட்டினீர்கள்.

ஸ்டூல் போட்டு ஏறி எல்லாவற்றையும் அறுத்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, உங்கள் வேட்டியால் துடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டேன். பிளேயர் கிர்ரென்று சுற்றும். பிறகு இங்கிலீஷில் ஏதோ எழுத்து வரும். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது, ஆனால் அது இல்லை என்கிறது என்று தெரியும். சில டிஸ்க் வெயிலில் வெளுத்துக் கண்ணாடியாகிவிட்டது. கடவுளே, கடவுளே என்று சொல்லிக்கொண்டே போட்டேன். சுவர் ஓரமாக இலைக்குள் கிடந்த டிஸ்க் மட்டும் ஓடியது.

பாப்பா என் தம்பி மடியில் இருக்கிறாள். ஆசாரி காதைப் பிடித்திருக்கிறார். ஒரே சத்தம். அந்தச் சத்தத்துக்குள் உங்கள் குரல், "பாப்பா, அப்பாவ பாரு" என்றது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அடுத்து என் பக்கம் திருப்புகிறீர்கள். சமைத்த கோலத்தில், வேர்த்து வழிந்துகொண்டு, தலை கலைந்து நிற்கிறேன். கிட்டே வந்து உள்ளங்கையால் செல்போனை மூடிவிட்டேன். படம் இருட்டாகிவிட்டது. அந்த இருட்டுக்குள் சிரித்துக்கொண்டே சொல்கிறீர்கள்.

"கைய எடுடி. ஒரு தபா பாத்துக்கினு வுட்டுடறேன்."

அதோடு நின்றுவிட்டது. திரும்பப் போட்டேன். துடைத்துப் போட்டேன். ஊதிப் போட்டேன். அந்த எழுத்துதான் வருகிறது. கெஞ்சிப் பார்த்தேங்க, ஒரு பொட்டியிடம்.

பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்தில் குரல் நிற்காது. தெரியும். இருந்தாலும் ஒரு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி, காதில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இருக்கிறது. இந்த நிமிஷம் வரைக்கும் இருக்கிறது. பிளேயரைத் திறந்தே வைத்திருக்கிறேன். கருப்புத் திரையில் என் மூஞ்சிதான் தெரிகிறது. இன்றைக்கும் தலை வாரவில்லை, வேர்த்துத்தான் இருக்கிறது.

கைய எடுத்துட்டேங்க. பாருங்க.